பெங்களூரின் பழமையும் நாமும்

வேற்று மாநிலங்களில் வாழும் நம்மவரிடையே ஒரு வழக்கம் உண்டு. குடியேறிய ஊரைப் பற்றிப் பேசும்போது, அதன் சரித்திரம் நம் பாட்டனார் ரயிலிலிருந்து இறங்கிய நாளில்தான் தொடங்கிற்று என்பது போலப் பேசுவோம். பெங்களூரைப் பொறுத்தவரை இப்பேச்சு இரு வகையாக நடைபெறுகிறது. “வெள்ளையர் பட்டாளத்தின் பின்னால் வந்தவர்கள்தானே நாம்” என்பார் ஒருவர். “சோழர் ஆண்ட பூமியல்லவா இது” என்பார் மற்றொருவர். இரண்டிலும் சிறிது உண்மை உண்டு. இரண்டும் முழு உண்மையாகா.

முதலில் நிலத்தைக் காண்போம். கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 3,000 அடி உயரத்தில், மைசூர்ப் பீடபூமியில் இந்நகரம் அமைந்துள்ளது. பெரிய நதி எதுவும் இதன் வழியே ஓடவில்லை. நகரின் ஊடே செல்லும் மேட்டிற்கு மேற்கே பெய்யும் மழை விருஷபாவதி, அர்க்காவதி ஆறுகளின் வழியே காவிரியை அடைகிறது. கிழக்கே பெய்வதோ பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் கலக்கிறது. ஒரே மழையில் ஒரு பங்கு பூம்புகாரை நோக்கியும், மற்றொரு பங்கு கடலூரை நோக்கியும் செல்கின்றது! நதியில்லாக் குறையை முன்னோர் ஏரிகளால் தீர்த்துக்கொண்டனர். ஏரியும், அதன்கீழ் வயலும், அருகே கோயிலுமாகப் பல சிற்றூர்கள் இருந்தன. பழைய கல்வெட்டுகள் அத்தகைய இடங்களிலேதான் நமக்குக் கிடைக்கின்றன.

பெங்களூர் என்னும் பெயரைத் தாங்கிய மிகப் பழைய கல், நகரின் தென்பால் உள்ள பேகூரில் இருக்கிறது. அது சுமார் 890ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கங்கர் காலத்து வீரக்கல். பெங்களூர்ச் சண்டையைக் குறிப்பிடும் அக்கல்லின் மொழி கன்னடம். ஹொய்சள மன்னன் வீரபல்லாளன் வேட்டையில் வழிதவறி, ஒரு மூதாட்டி தந்த வெந்த அவரையை உண்டு பசியாறியதால் ‘பெந்த காளூரு’ என்ற பெயர் ஏற்பட்டது என்று ஒரு கதை வழங்குகிறது. கதை இனியதே. ஆயினும் பேகூர்க் கல் அம்மன்னனைவிட மூன்று நூற்றாண்டு மூத்தது!

பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர் கங்கநாட்டைக் கைப்பற்றினர். பின்னர் ஹொய்சளர் அவர்களை வெளியேற்றினர். அத்துடன் இங்கே தமிழ் மறைந்திருக்க வேண்டும் என்று நாம் நினைக்கலாம். நிகழ்ந்தது வேறு. மடிவாளாவில் உள்ள சோமேசுவரர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று 1247ஆம் ஆண்டினது. டோம்லூர் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் அவ்வூரைத் தோம்பலூர் என்றும், தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் அழைக்கின்றன. இவை பொறிக்கப்பட்ட பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஆண்டவர்கள் ஹொய்சளர், கன்னட மரபினர். அவர்களுள் இராமநாதன் என்பவன் ஸ்ரீரங்கத்தை அடுத்த கண்ணனூரிலிருந்தும் அரசு செலுத்தியவன். இன்று தாவரெகெரே எனப்படும் இடம் மடிவாளாக் கல்லில் ‘தாமரைக்கிரை’ என்று காணப்படுகிறது. கன்னடத்தில் ‘கெரே’ என்றால் ஏரி. பூவின் பெயரைத் தமிழிலும் ஏரியின் பெயரைக் கன்னடத்திலும் சொன்னார்கள் போலும்.

1537இல் முதலாம் கெம்பேகௌடர் மண்கோட்டை கட்டிப் பேட்டையை நிறுவினார். அதன்பின் பீஜப்பூர், மராத்தியர், மொகலாயர், மைசூர் உடையார், ஹைதர் அலி, திப்பு சுல்தான் எனக் கைகள் பல மாறின. 1809இல் ஆங்கிலேயர் தம் படையை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து அல்சூர்ப் பக்கத்திற்கு மாற்றினர். இங்கேதான் நம்மில் பலருடைய குடும்பக் கதை தொடங்குகிறது. சென்னை மாகாணத்திலிருந்து சிப்பாய்களும், கொத்தனார்களும், சமையற்காரர்களும், வியாபாரிகளும் வந்தனர். 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் பாதை வந்ததும் வரவு பெருகிற்று. பேட்டை ஒன்று, கண்டோன்மெண்டு ஒன்று. அதாவது ஒரே பெயரில் இரண்டு ஊர்கள்! 1949இல்தான் இரண்டும் ஒரே மாநகராட்சியாயின.

ஆனால் அந்த எல்லை நாம் எண்ணுவது போல் இறுக்கமானதன்று. மைசூர் அரசாங்கத்தின் பதினெட்டு இலாகாக்களுக்காக 1868இல் கட்டி முடிக்கப்பட்ட அட்டாரா கச்சேரி, ஆற்காடு நாராயணசாமி முதலியார் ஒப்பந்தமெடுத்துக் கட்டியது. இன்று அது கர்நாடக உயர்நீதிமன்றம். முதலியார் 1873இல் கண்டோன்மெண்டில் பள்ளிக்கூடம் ஒன்றையும் நிறுவினார்.

பேட்டையின் பெருவிழாவாகிய கரகம் இதனினும் வியப்பிற்குரியது. சித்திரா பௌர்ணமி இரவில் தர்மராயர் கோயிலிலிருந்து திரௌபதியின் பூங்கரகம் புறப்படுகிறது. பெண் வேடம் பூண்ட பூசாரி அதனைத் தலையில் தாங்கிவர, வாளேந்திய வீரகுமாரர்கள் சூழ்ந்து வருகின்றனர். மஸ்தான் சாகிப் தர்காவில் கரகம் சற்றே நின்று செல்வதும் மரபு. விழாவை நடத்துவோர் தோட்டத்தொழிலில் பேர்பெற்ற திகளர். ‘திகள’ என்பது தமிழரைக் குறிக்கக் கன்னடத்தில் வழங்கிய சொல். ஆற்காட்டுக் கிராமங்களில் திரௌபதியம்மன் திருவிழாவைக் கண்டவர்களுக்கு இவ்விரவு புதிதாகத் தோன்றாது. எனினும் இன்று கரகத்தைத் தன் விழா என்று கொண்டாடுவது பெங்களூர் முழுவதுமே.

கசப்பான நாட்களையும் சொல்லாமல் விட இயலாது. 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையை ஒட்டி எழுந்த கலவரத்தின்போது தமிழ்க் குடும்பங்கள் பல ஊரைவிட்டுச் சென்றன. அல்சூர் ஏரி அருகே அவ்வாண்டு வைக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்டு 9ஆம் தேதி அது திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது.

டோம்லூர்க் கோயிலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளை அழைத்துச் செல்லலாம். பேகூருக்குப் போகும்போது கன்னட நண்பர் ஒருவர் உடன் வருவது நல்லது. பழங்கன்னட எழுத்தாதலால் அவரும் சற்றுத் தடுமாறக்கூடும்; டோம்லூரில் நாம் தடுமாறுவது போலவே.