ஆலைவாசலில் கேட்ட வயது

ஒருவரை வேலைக்கு அமர்த்துமுன் அவரைப்பற்றி விசாரித்தறிவது இன்று பெருநிறுவனங்கள் யாவும் கைக்கொள்ளும் முறையாகும். பெயர், ஊர், படிப்பு, முன்பு பார்த்த வேலை, வழக்கு ஏதேனும் உண்டா என்பன போன்ற செய்திகளை ஆராய்ந்து கூறுவதற்கென்றே தனி நிறுவனங்கள் தோன்றியுள்ளன. இதனை இக்காலத்துப் புதுமை என்று கருதுவோர் உளர். உண்மையில் இவ்வழக்கத்திற்கு நெடிய வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் ஒரு பகுதியை, ‘உன் வயது என்ன?’ என்னும் ஒரே கேள்வியைப் பற்றிக்கொண்டு சொல்ல விரும்புகிறேன். அக்கேள்வியை ஒரு காலத்தில் நானே கேட்டிருக்கிறேன். விடையையும் நானே எழுதியிருக்கிறேன்.

1986ஆம் ஆண்டு. திருப்பூர் அப்போது கோவை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அங்கே ஒரு பனியன் கம்பெனியில் நான் கணக்குப்பிள்ளையாக இருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலை, தாயொருத்தி தன் மகளை அழைத்துக்கொண்டு வந்தாள். “ஏனுங்க தம்பி, பொண்ணுக்குப் பதினஞ்சு ஆச்சுங்க” என்றாள். குடும்ப அட்டையில் வயதெழுதிய இடத்தில் மை சற்றுத் தடித்திருந்தது. நான் மேனேஜரைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். பதிவேட்டில் 15 என்று எழுதினேன். தையற்காரர் அருகில் அமர்ந்து துணியின் ஓரத்தை மடித்துக் கொடுக்கும் ‘கைமடி’ வேலை அச்சிறுமிக்குக் கிடைத்தது. வேலை கிடைத்த மகிழ்ச்சியில் அவள் சிரித்தாள். மேல்வரிசையில் கோரைப்பல் அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. அதன் பொருள் எனக்கு அன்று விளங்கவில்லை. பிற்காலத்தில் ஆங்கில நாட்டுத் தொழிற்சாலைகளின் வரலாற்றைப் படித்தபோதுதான் விளங்கிற்று. மேற்கோரைப்பல் நிலைப்பல்லாக முளைப்பது 11, 12 வயதில்.

அந்நாளில் திருப்பூரில் ஆள் சேர்க்கும் முறை யாது? தெரிந்தவர் சொல்லே சான்று. பவர்டேபிளில் தைப்பவர் தம் தங்கையை அழைத்து வருவார். கட்டிங் மாஸ்டர் தம் ஊர்ப் பையனைக் கொண்டு வருவார். அழைத்து வந்தவரே பொறுப்பாளி. புதியவன் துணியைத் திருடினாலும், சனிக்கிழமைக் கூலியை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு மறைந்தாலும், அழைத்து வந்தவர்தாம் தலைகுனிய வேண்டும். இம்முறையில் முதலாளிக்குக் காவல் இருந்தது. தொழிலாளிக்கு என்ன காவல் இருந்தது என்று எவரும் கேட்கவில்லை.

இதே வேறுபாட்டை இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றில் இன்னும் தெளிவாகக் காணலாம். தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து கங்காணிகள் தம் உறவினரையும் ஊராரையும் திரட்டிக்கொண்டு கடல் கடந்தனர். ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போக விரும்பிய தொழிலாளியிடம் ‘துண்டு’ இருக்க வேண்டும். துண்டு என்பது ஒரு சிறு தாள். இவர் பெயரிலுள்ள கடன் இவ்வளவு. அதனைத் தீர்த்தால் விடுவிக்கச் சம்மதம் என்று பழைய தோட்டத்தார் அதில் எழுதித் தருவர். துண்டு இன்றி வேறு தோட்டத்தில் இடமில்லை. புதிய துரை பணத்தைக் கட்டி ஆளைப் பெறுவார். கடனோ தொழிலாளியை விட்டு நீங்குவதில்லை. முன் வேலையைப் பற்றிய விசாரணை என்று தொடங்கிய ஒன்று, மனிதனைக் கட்டும் கயிறாக முடிந்தது. 1921இல் சட்டத்தால் அம்முறை ஒழிக்கப்பட்டது. இன்று பழைய கம்பெனியின் விடுவிப்புக் கடிதத்தைக் கேட்டு நிற்கும் இளைஞரைக் காணுந்தோறும் எனக்கு அந்தத் துண்டு நினைவுக்கு வரும். இரண்டும் ஒன்றல்ல என்பதை அறிவேன். ஆயினும் நினைவு வருகிறது.

வயதுச் சான்று இதற்கு நேர்மாறான நோக்கத்தோடு பிறந்தது. அது முதலாளியைக் காப்பதற்காக எழுந்ததன்று. வேலை கேட்டு வருபவனையே காப்பதற்காக எழுந்தது. 1833இல் ஆங்கில நாட்டுப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, பட்டாலைகள் நீங்கலாகப் பிற நெசவாலைகளில் 9 வயதுக்குக் குறைந்த குழந்தைகளை அமர்த்துதல் ஆகாது என்று விதித்தது. ஆனால் வயதை எங்ஙனம் அறிவது? பிறப்பைப் பதிவு செய்யும் முறை அங்கே 1837இல்தான் தொடங்கிற்று. ஆகவே ஆலைவாசலில் மருத்துவர் குழந்தையின் தோற்றத்தையும் உயரத்தையும் நோக்கிச் சான்றளித்தார். வறுமையால் உயரம் குன்றிய குழந்தையும் உண்டு. வயதுக்கு மிஞ்சி வளர்ந்த குழந்தையும் உண்டு. அதே 1837இல் எட்வின் சாண்டர்ஸ் என்னும் பல் மருத்துவர், ஏறத்தாழ ஆயிரம் பள்ளிக் குழந்தைகளின் வாயைப் பார்த்து, உயரத்தைவிடப் பல்லே வயதுக்கு நம்பத்தக்க சான்று என்று எழுதிப் பாராளுமன்றத்தின் பார்வைக்கு வைத்தார். பெற்றோர் சொல் பொய்க்கலாம், தாளும் பொய்க்கலாம், பல் அவ்வளவு எளிதில் பொய்க்காது என்பது அவர் கருத்து. இதைப் படித்த அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

நம் நாட்டில் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. அது விதித்த குறைந்த வயது 7. ஏழு வயதுக் குழந்தை நாள்தோறும் 9 மணி நேரம் உழைக்கலாம் என்று ஒரு சட்டம் இசைந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்! 1891இல் அவ்வயது 9 ஆயிற்று, 1922இல் 12, நாடு விடுதலை பெற்றபின் 1948இல் 14. அவ்வாண்டுச் சட்டம் 14 முதல் 18 வரையுள்ள இளையோர் பொருட்டுச் செய்த ஏற்பாடு நுட்பமானது. சான்றளிக்கும் மருத்துவர் சோதித்துத் தகுதிச் சான்று தர வேண்டும். அச்சான்று மேனேஜரிடம் இருக்க வேண்டும். அதன் குறிப்பைத் தாங்கிய வில்லையை இளைஞர் வேலை நேரத்தில் தம்மிடம் வைத்திருக்க வேண்டும். மருத்துவர்க்குரிய கட்டணத்தை ஆலையாரே செலுத்த வேண்டும். அதனைப் பிள்ளையிடமோ பெற்றோரிடமோ பிடித்தல் கூடாது. ஒருவர் சான்றை மற்றொருவர் பயன்படுத்தினால் தண்டனை உண்டு. ஒரே நாளில் இரு ஆலைகளில் பிள்ளையை வேலைக்கு விட்ட பெற்றோர்க்கும் தண்டனை உண்டு. இப்படியெல்லாம் விதிக்க வேண்டியிருந்ததென்றால், இப்படியெல்லாம் நடந்திருக்கிறது என்பதே பொருள்.

அவ்வளவும் இருந்தும் நான் எப்படி 15 என்று எழுத முடிந்தது? மின்விசையால் இயங்கும் கூடமாயின் 10 பேர் வேலை செய்தால்தான் அந்தச் சட்டம் அன்று அதனைத் தீண்டிற்று. பின்னுவது ஓரிடம், சாயமிடுவது ஓரிடம், வெட்டுவது ஓரிடம், தைப்பது நான்கிடம் எனச் சிறுசிறு கூடங்களாகப் பிரிந்து கிடந்த திருப்பூரில் இவ்வெல்லைக்குள் அகப்படாத இடங்கள் பல. எங்கள் கம்பெனி அகப்பட்டதுதான். ஆனால் கேட்பார் வரவில்லை. அதே 1986இன் இறுதியில் குழந்தைத் தொழிலாளர் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. குடும்பத்தார் நடத்தும் பட்டறைகளுக்கு அது விலக்களித்தது. விலக்கு ஒன்று வந்தால், ஊரிலுள்ள பிள்ளைகள் எல்லாம் அண்ணன் மகளும் அக்காள் மகனும் ஆகிவிடுவது இயல்பன்றோ?

இடைத்தரகர் வழியாக ஆள் சேர்ப்பதன் தீமையை அரசினர் முன்பே அறியாமல் இல்லை. விட்லி என்பார் தலைமையில் 1929இல் அமைந்த தொழிலாளர் விசாரணைக் குழு, மேஸ்திரிகள் கையூட்டுப் பெற்று ஆள் சேர்ப்பதை 1931இல் வெளியிட்ட அறிக்கையில் கண்டித்தது; ஆள் சேர்க்கும் பொறுப்பைத் தொழிலாளர் நல அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும் என்றது. முன்பணம் வாங்கிக்கொண்டு குழந்தையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என 1933இல் ஒரு சட்டமும் வந்தது. பல பத்தாண்டுகள் சென்றபின் அதே முன்பணம் வேறு உருவில் தோன்றியதைக் கண்டோம். திருப்பூர், கோவை, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகளுக்குத் தென்மாவட்டத்துச் சிறுமியரைத் தரகர் அழைத்து வந்தனர். மூன்றாண்டு முடிவில் திருமணச் செலவுக்கு ஒரு தொகை தருவதாக வாக்களித்தனர். ‘சுமங்கலித் திட்டம்’ என்னும் மங்கலப் பெயரும் இட்டனர். 2011இல் நெதர்லாந்து நாட்டு அமைப்புகள் இதனைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டன. கூலி நிலுவையில் இருக்கும்வரை அப்பெண் வெளியேற இயலாள். துண்டின் சாயல் இதிலும் இல்லையா?

1980களில் பெருகிய ஏற்றுமதி, கேட்பாரைக் கொண்டுவந்தது. அயல்நாட்டுக் கொள்வோர் ஆலைக்கு ஆள் அனுப்பிப் பதிவேட்டைப் புரட்டினர். 1997இல் எஸ்.ஏ. 8000 என்னும் நெறி வகுக்கப்பட்டபோது, குழந்தைத் தொழிலாளர் இன்மை அதன் முதல் நிபந்தனைகளுள் ஒன்றாயிற்று. வாசலில் கேள்வி கடுமையாகி, சிறு பிள்ளைகள் திருப்பி அனுப்பப்பட்டனர். நல்லதே. ஆனால் திரும்பிய பிள்ளை எங்கே போயிற்று? வங்காள தேசத்தில் இக்கேள்விக்குக் கசப்பான விடை கிடைத்தது. குழந்தைகள் செய்த பொருளைத் தடுக்கும் மசோதா 1992இல் அமெரிக்காவில் முன்மொழியப்பட்டது. அது சட்டமாகவே இல்லை. ஆயினும் அச்சத்தால் அந்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகள் பல்லாயிரம் குழந்தைகளை வெளியேற்றின. அவர்களுள் பலர் கல்லுடைக்கவும் தெருவில் அலையவும் நேர்ந்தது. 1995இல் ஆலையார் சங்கமும், யுனிசெப்பும், உலகத் தொழிலாளர் அமைப்பும் ஓர் உடன்பாடு கண்டன. பள்ளியில் இடமும் குடும்பத்துக்கு உதவித்தொகையும் அளித்த பிறகே குழந்தையை வேலையிலிருந்து நீக்குவது என்பது அதன் சாரம். நான் அன்று 11 என்று எழுதியிருந்தால் அத்தாய் அடுத்த வீதியிலுள்ள கம்பெனிக்குப் போயிருப்பாள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டது உண்டு. அத்தேறுதல் போதவில்லை.

2016இல் திருத்தப்பட்ட சட்டம் 14 வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்றது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவதற்குரிய விலக்கு எஞ்சியது. இன்று திருப்பூர் நிலையத்தில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திறங்குவோர் ஆதார் அட்டையை நீட்டுகின்றனர். அதில் பிறந்த தேதி இருக்கிறது. ஆனால் அது ஆளை அடையாளம் காட்டும் அட்டையே, வயதுக்குச் சான்றாகாது. விபத்து இழப்பீட்டு வழக்கொன்றில் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவாக்கி, பள்ளிச் சான்றையே ஏற்றது. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பள்ளிச் சேர்க்கை முதல் அரசுப்பணி வரை பலவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழையே ஆதாரமாக்கியது. அதுவும் அன்றுமுதல் பிறந்தோர்க்கே. அவர்களுள் மூத்த குழந்தைக்கு 2037இல்தான் 14 வயது நிறையும். அதுவரை வாசலில் அமர்ந்திருக்கும் கணக்குப்பிள்ளை, பள்ளியிலிருந்து வந்த தாளையும், எதிரே நிற்கும் பிள்ளையின் முகத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கும்.