ஆடிப் பதினெட்டும் ஒரு பேக்கப் ஃபெயிலியரும்

இந்த எபிசோட் ஒரு ஆரஞ்சு லைட்ல இருந்து ஆரம்பிக்குது.

சில வருஷத்துக்கு முன்னாடி நான் ஒரு ஆபீஸ்ல சிஸ்டம் அட்மினா இருந்தேன். கம்பெனி பேர் வேண்டாம். சர்வர் ரூம்ல ஒரு ஸ்டோரேஜ் பெட்டி, அதுல 12 டிஸ்க். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு டிஸ்க்ல ஆரஞ்சு லைட் எரிஞ்சுது. பயப்படலை. ரெய்டு 5-ல ஒரு டிஸ்க் போனா மிச்ச டிஸ்க்குகளை வெச்சு அதுல இருந்ததைத் திரும்பக் கணக்குப் போட்டு எடுத்துடலாம். புதுசு ஒண்ணு மாட்டினோம், ரீபில்டு ஓட ஆரம்பிச்சுது. ராத்திரி ரெண்டு மணிக்கு அது பாதியில இருக்கும்போதே இன்னொரு டிஸ்க் போச்சு. ரெய்டு 5-ல ரெண்டு போனா கதை முடிஞ்சுது.

வெண்டாருக்கு ஃபோன் போட்டேன். சீரியல் நம்பர் கேட்டாங்க, குடுத்தேன். கொஞ்ச நேரம் பாட்டு ஓடுச்சு. அப்புறம் ஒரு பையன் ரொம்ப மரியாதையா சொன்னான்: "சார், உங்க சப்போர்ட் கான்ட்ராக்ட் முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு." எப்படி? தேடிப் பார்த்தா, ரினியூவல் மெயில் மூணு தடவை வந்திருக்கு. மூணும் ஒரு வருஷம் முன்னாடியே வேலையை விட்டுப் போன ஒருத்தரோட இன்பாக்ஸுக்கு.

அன்னிக்கு ராத்திரி எனக்குப் புரிஞ்சது இதுதான். டிஸ்க் போனது விபத்து இல்லை, டிஸ்க்னா போகத்தான் செய்யும். அதைப் பார்த்துக்க வேண்டிய பொறுப்பு யாருக்கும் தெரியாம யார் கையிலயும் இல்லாமப் போனதுதான் விபத்து. இதே கதை ரொம்பப் பெரிய அளவுல, 130, 140 வருஷத்துக்கு முன்னாடி தாமிரபரணிக் கரையில நடந்திருக்கு.

முதல்ல ஹார்டுவேரைப் பார்ப்போம். பனை ஓலை. திருநெல்வேலிச் சீமையில பனைக்கு என்ன பஞ்சம்? ஓலையைப் பதமாப் பறிச்சு, காய வெச்சு, வேக வெச்சு, மறுபடி உலர்த்தி, வழவழன்னு தேய்ச்சு, ஒரே அளவுக்கு நறுக்கணும். எழுத்தாணியால கீறணும். கீறின இடம் கண்ணுக்குச் சரியாத் தெரியாது, அதனால விளக்குக் கரியும் இலைச்சாறும் கலந்து மேல தடவித் துடைச்சா கரி அந்தக் கீறல்ல மட்டும் தங்கும். ஓட்டை போட்டு, கயிறு கோர்த்து, மேலயும் கீழயும் மரச்சட்டம் வெச்சு, துணியில கட்டி வெச்சா ஒரு சுவடி ரெடி.

புள்ளி வெச்சா ஓலை கிழியும்னு மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைக்கிறதில்லை. எகரக் குறிலா நெடிலான்னும் பார்த்தாத் தெரியாது. படிக்கிறவருக்குப் பாட்டு ஏற்கனவே பாதி தெரிஞ்சிருக்கணும். அதாவது ஃபைல் மட்டும் கையில இருந்தா போதாது, அதைத் திறக்கத் தெரிஞ்ச ஆளும் கூடவே இருக்கணும்.

இந்த ஓலை எவ்வளவு நாள் தாங்கும்? நம்ம ஊர் வெக்கை, ஈரம், செல்லு, ராமபாணப் பூச்சி எல்லாத்தையும் தாண்டி நல்லாப் பார்த்துக்கிட்டா ரெண்டு, மூணு நூற்றாண்டு. சங்கப் பாட்டு எழுதினது கிட்டத்தட்ட ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி. அப்போ நம்ம கைக்கு வந்தது காப்பியோட காப்பியோட காப்பி. ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருத்தர் உட்கார்ந்து பழைய ஏட்டைப் பார்த்துப் புது ஏட்டுல எழுதியிருக்கார். எழுதி முடிச்சதும் கடைசி ஏட்டுல தேதி, யாருக்காக எழுதினது, யார் எழுதினதுங்கிற விவரம், பிழை இருந்தா பொறுத்துக்கச் சொல்லி ஒரு வேண்டுகோள் எல்லாம் போடுற வழக்கம் உண்டு. திருநெல்வேலிப் பக்கம்னா கொல்லம் ஆண்டுல தேதி இருக்கும். நம்ம பாஷையில சொன்னா அது லாக் என்ட்ரி.

இந்த வேலைக்கு யாரோ படி அளக்கணும் இல்லையா? அரண்மனை, மடம், கோயில், பாளையக்காரர்கள், கவிராயர் குடும்பங்கள். வாத்தியார்கிட்ட படிக்க வர்ற பையன் தனக்குன்னு ஒரு பிரதி எழுதிக்குவான், அதுவே ஒரு பேக்கப். இவங்க எல்லாரும் சேர்ந்ததுதான் அந்தக் காலத்து சப்போர்ட் கான்ட்ராக்ட்.

1801-ல பாளையங்களோட கதை முடிஞ்சு, மிஞ்சினது ஜமீன் ஆச்சு. பையன்கள் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போய் வக்கீலாகவும் குமாஸ்தாவாகவும் ஆனாங்க. அச்சுப் புத்தகம் வந்துருச்சு. ஏடு எழுதப் பழகுறதால யாருக்கும் வேலை கிடைக்கப் போறதில்லை. ஆனா பரண் மேல சுவடி அப்படியே இருக்கு. ஹார்டுவேர் வீட்டுல, சப்போர்ட் காலி.

இந்த நேரத்துலதான் உ.வே.சாமிநாதையர் வர்றார். கும்பகோணம் காலேஜ்ல தமிழ் வாத்தியார். 1887-ல சீவக சிந்தாமணியைப் பதிப்பிச்சுட்டு, அடுத்து பத்துப்பாட்டுக்கு ஏடு தேடுறார். தேடல் அவரைத் திருநெல்வேலிக்குக் கொண்டு வருது. ஏன் ஒரு பிரதி போதாதுன்னு கேக்கலாம். ஒவ்வொரு பிரதியிலயும் பிழை வேற வேற இடத்துல இருக்கும், ஓட்டை வேற வேற இடத்துல விழுந்திருக்கும். நாலஞ்சை ஒண்ணா வெச்சுப் பார்த்தாத்தான் மூலம் தெரியும். ரெய்டு பண்ற வேலைதான். என்ன, இங்க டிஸ்க் எல்லாம் ஊர் ஊரா சிதறிக் கிடக்கு, கன்ட்ரோலர் ரயில்லயும் மாட்டு வண்டியிலயும் அலையுது.

திருநெல்வேலியில ஒரு வக்கீலைப் பார்த்து, உங்க வீட்டுல ஏடு இருக்கான்னு கேக்கறார். வக்கீல் சொன்ன பதிலை அவர் பின்னாடி தன் சரித்திரத்துல எழுதி வெச்சிருக்கார், என் வார்த்தையில சொல்றேன். இருந்துச்சாம், ஊர்க்காட்டு வாத்தியாரோட ஏடுகள், வண்டிக்கணக்கா. ஊர்க்காடு அம்பாசமுத்திரம் பக்கத்துல, தாமிரபரணிக் கரையில இருக்கிற ஊர். ஏடெல்லாம் ஒடிஞ்சு, இடத்தை அடைச்சுக்கிட்டு, யாருக்கும் பிரயோஜனம் இல்லாம கிடந்துச்சு. என்ன செய்யலாம்னு யோசிச்சப்போ வயசான பொம்பளைங்க சொல்லியிருக்காங்க, ஆடிப் பதினெட்டு அன்னிக்கு சுவடிகளைத் தேர் மாதிரி கட்டித் தண்ணியில விடுறதுதான் வழக்கம்னு. அப்படியே வாய்க்கால்ல விட்டாச்சு.

உ.வே.சா. மனசு என்ன பாடுபட்டிருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனா எனக்கு அந்த வக்கீல் மேல கோபம் வரலை. அவர் சோம்பேறி இல்லை. என்ன செய்யலாம்னு கேட்டிருக்கார், சொன்னபடி மரியாதையா செஞ்சிருக்கார்.

இன்னொரு இடம், கரிவலம்வந்தநல்லூர். இப்போ தென்காசி மாவட்டம், அப்போ திருநெல்வேலி ஜில்லா. 16-ஆம் நூற்றாண்டுல இருந்த வரதுங்கராம பாண்டியரோட ஏடுகள் அங்க கோயில்ல இருக்குன்னு கேள்விப்பட்டுப் போறார். ராஜாவே புலவர், அவர் சேர்த்து வெச்ச நூலகம். போனா ஏடு இல்லை. பழுதாகிக் குப்பையாக் கிடந்ததை நெய்யில தோய்ச்சு ஓமத்துல போட்டுட்டோம், ஆகமத்துல அப்படித்தான் சொல்லியிருக்குன்னு கோயில் அதிகாரி சொல்றார். எந்த ஆகமம் அப்படிச் சொல்லுதுன்னு உ.வே.சா. கொதிச்சுப் போறார்.

நியாயமான கோபம். ஆனா ரெண்டு சம்பவத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒரு இடத்துல தண்ணி, ஒரு இடத்துல நெருப்பு. ரெண்டுமே சடங்கு. என் ஊகம் என்னன்னா, இது ஒரு காலத்துல ஒழுங்கான நடைமுறையோட கடைசிப் படியா இருந்திருக்கணும். முதல் படி, பழசு ஒடியுறதுக்கு முன்னாடி புதுசுக்குப் படியெடுக்கிறது. ரெண்டாவது படி, படியெடுத்து முடிச்ச பழசைக் குப்பையில போடாம ஆத்துக்கோ அக்னிக்கோ குடுக்கிறது. முதல் படியைச் செய்யுற ஆள் போயிட்டான். ரெண்டாவது படி மட்டும் பாட்டிமார் ஞாபகத்துலயும் கோயில் வழக்கத்துலயும் தங்கிடுச்சு. பேக்கப் வேலை நின்னு போச்சு, பழசை அழிக்கிற ஸ்கிரிப்ட் மட்டும் நேரத்துக்கு ஓடிக்கிட்டே இருந்துச்சு.

இது பழைய காலத்துக்காரங்க தப்புன்னு நினைச்சீங்கன்னா, 2021 டிசம்பர்ல ஜப்பானுக்கு வாங்க. கியோட்டோ பல்கலைக்கழகத்தோட சூப்பர் கம்ப்யூட்டர். அதோட பேக்கப்பைப் பார்த்துக்கிட்டது வெண்டாரே, ஹெச்பிஇ. பேக்கப் ஸ்கிரிப்ட்ல ஒரு பகுதி பழைய லாக் ஃபைல்களை அழிக்கிறது. ஸ்கிரிப்ட் ஓடிக்கிட்டிருக்கும்போதே அதோட புது வடிவத்தை மேல போட்டுட்டாங்க. அது லாகை விட்டுட்டு ஆராய்ச்சியாளர்களோட ஃபைல்களை அழிக்க ஆரம்பிச்சுது. 77 டெராபைட், சுமார் 3.4 கோடி ஃபைல். 14 ஆராய்ச்சிக் குழுக்கள் பாதிக்கப்பட்டாங்க, அதுல 4 குழுவோட டேட்டாவை மீட்கவே முடியலை. தப்பு முழுக்க எங்களுதுன்னு வெண்டார் எழுதிக் குடுத்தாங்க. கரிவலத்துல அப்படி எழுதிக் குடுக்கவும் யாரும் இல்லை.

சரி, திருநெல்வேலியில ஏன் எல்லா ஏடும் ஒரே சமயத்துல ஒடிஞ்சுது? இதுக்கும் ஒரு டிஸ்க் கதை இருக்கு. 2019 நவம்பர்ல அதே ஹெச்பிஇ ஒரு அறிவிப்பு விட்டாங்க. அவங்க வித்த சில எஸ்எஸ்டி மாடல்கள் சரியா 32,768 மணி நேரம் ஓடினதும் செத்துடும், அதாவது 3 வருஷம், 270 நாள், 8 மணி நேரம். ஃபர்ம்வேர்ல பிழை. அதுக்குள்ள அப்டேட் பண்ணலைன்னா டிரைவும் திரும்பாது, டேட்டாவும் திரும்பாது. இதுல பயங்கரம் என்னன்னா, ஒரு சர்வர்ல எல்லா டிரைவையும் ஒரே நாள்லதான் மாட்டியிருப்போம். ஒண்ணா மாட்டினது கிட்டத்தட்ட ஒண்ணாப் போகும். அப்போ ரெய்டு இருந்தும் பிரயோஜனமில்லை. ஓலையும் அப்படித்தான். ஒரு தலைமுறை உட்கார்ந்து எழுதின ஏடுகளுக்கு ஆயுசும் ஏறக்குறைய ஒரே தலைமுறையில முடியும். முந்தி எல்லாம் அந்த நேரம் வந்தப்போ படியெடுக்க ஆள் இருந்தாங்க. 19-ஆம் நூற்றாண்டுல கெடு வந்துச்சு, ஆள் வரலை.

ஆனா எல்லா வீடும் அப்படி இல்லை. திருநெல்வேலி மேலை வீதியில ஒரு கவிராயர் வீடு. உ.வே.சா. உள்ள போய்ப் பார்த்தா சுவடிகளைச் சுத்தமா, வரிசையா அடுக்கி, பழுது இல்லாம வெச்சிருக்காங்க. அந்த ஒழுங்கைப் பார்த்து அசந்து போய் எழுதியிருக்கார். அதே ஊர், அதே வெக்கை, அதே பூச்சி. வித்தியாசம் ஒண்ணுதான். அந்த வீட்டுல அது இன்னும் யாரோ ஒருத்தரோட வேலையா இருந்துச்சு.

அப்புறம் ஆழ்வார்திருநகரி. நம்மாழ்வார் ஊர், தாமிரபரணி கீழ்ப்பக்கம். அங்க லட்சுமண கவிராயர் வீட்டுல ஆயிரக்கணக்கான ஏடுகளை நாள் கணக்கா புரட்டுறார். பத்துப்பாட்டு இல்லை. கிளம்ப வேண்டியதுதான்னு இருக்கும்போது கவிராயருக்கு ஞாபகம் வருது, வீட்டு ஏடுகள்ல கொஞ்சம் மாமனார் வீட்டுக்குப் போயிருக்குன்னு. கேட்டுப் பார்க்கிறேன்னு போறார். அன்னிக்கு ஊர்ல திருவிழா. வீதியில சாமி புறப்பாடு வருது, உ.வே.சா. நின்னு கும்பிடுறார். கொஞ்ச நேரத்துல கவிராயர் ஒரு சுவடியைக் கையில எடுத்துக்கிட்டு வர்றார். வீட்டுக்குள்ள கொண்டு போக, விளக்குக் கொண்டு வர எதுக்கும் பொறுமை இல்லை. வீதியிலயே, நிலா வெளிச்சத்துல பிரிச்சுப் பார்க்கிறார். கண்ணுல பட்ட பேர் முல்லைப்பாட்டு.

அவர் பின்னாடி எழுதின ஒரு கட்டுரையோட தலைப்பே "நிலவில் மலர்ந்த முல்லை". ஒரு பேக்கப் ரீஸ்டோர் ஆனதுக்கு இதைவிட அழகான பேர் வைக்க முடியாது. கவனிங்க, அது யாரும் திட்டம் போட்டு எடுத்த பேக்கப் இல்லை. ஒரு குடும்பத்துச் சொத்துல கொஞ்சம் சம்பந்தி வீட்டுக்குப் போனதால தப்பிச்சது.

1889-ல பத்துப்பாட்டு அச்சாச்சு. குறிஞ்சிப்பாட்டுல 99 பூ பேரை வரிசையாச் சொல்ற இடம் இருக்குல்ல, ஸ்கூல்ல கேள்விப்பட்டிருப்பீங்க? உ.வே.சா. கையில இருந்த பிரதிகள்ல அந்தப் பட்டியலுக்கு நடுவுல சில வரி காணோம். அது கிடைச்சது தருமபுரம் ஆதீனத்து மடத்துல, மாயவரம் பக்கம். முல்லை ஆழ்வார்திருநகரியில, பூக்கள் தருமபுரத்துல.

வாய்க்கால்ல போனதுக்கு மட்டும் பட்டியல் இல்லை. வண்டிக்கணக்குதான் மிச்சம்.