மார்பைத் தட்டி நோயறிந்த கதை

இருமல் என்று மருத்துவரிடம் சென்றால், அவர் இடக்கை விரலை நம் மார்பின்மேல் பதித்து, அதன்மேல் வலக்கை நடுவிரலால் தட்டிப் பார்ப்பதுண்டு. பார்வைக்கு எளிய செயல். ஆயினும், இம்முறை மருத்துவ உலகில் நிலைபெற ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

இதனைக் கண்டறிந்தவர் லியோபோல்ட் ஔவன்புருக்கர். இவர் 1722-ஆம் ஆண்டில், ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில், விடுதி நடத்திய ஒருவரின் மகனாகப் பிறந்தார். மதுப் பீப்பாயைத் தட்டினால், வெறுமையான மேற்பகுதி முழங்கும். மது நிறைந்த பகுதி மந்தமாக ஒலிக்கும். தந்தையின் விடுதியில் அறிந்த இவ்வுண்மையே பின்னர் அவருக்கு வழிகாட்டிற்று என்பர்.

வியன்னாவின் ஸ்பானிய மருத்துவமனையில் ஏழாண்டுகள் அவர் நோயாளரின் மார்பைத் தட்டி ஆராய்ந்தார். நலமுள்ள மார்பு, தடித்த கம்பளத் துணி போர்த்திய முரசுபோல ஒலிக்கக் கண்டார். நுரையீரல் இறுகினாலும், அதனைச் சுற்றி நீர் கோத்தாலும் அவ்வொலி மங்கியது. இறந்தவர் உடலின் மார்பினுள் நீரைச் செலுத்தித் தட்டியும் இதனை உறுதிசெய்தார். 1761-இல் தம் முடிவுகளை இலத்தீன் மொழியில் சிறு நூலாக வெளியிட்டார். பொறாமையும் பழிச்சொல்லும் வருமென முன்னுரையிலேயே எழுதிவைத்தார்.

ஆனால், வந்ததோ பெரும்பாலும் புறக்கணிப்பே! வியன்னாவின் புகழ்பெற்ற பேராசிரியர் டி ஹேன் அதனைப் பொருட்படுத்தவில்லை. பின்வந்த ஸ்டோல் கையாண்டும் அது பரவவில்லை. காரணம் யாது? உடலிலுள்ள நீர்மங்களின் ஏற்றத்தாழ்வே நோய் என்பது அக்கால மருத்துவரின் கொள்கை. நோய்க்கு உடலுள் ஓர் இடமுண்டு என்று கருதாதவர்க்கு, அவ்விடத்தைக் காட்டும் ஒலியால் என்ன பயன்? அதே 1761-இல்தான், நோய்கள் உறுப்புகளில் குடிகொள்வதைப் பிணக்கூற்றாய்வால் விளக்கும் மோர்காஞ்ஞியின் பெருநூலும் இத்தாலியில் வெளிவந்தது. அக்கருத்து வேரூன்றிய பின்னரே தட்டொலிக்குப் பொருள் கிடைத்தது.

நெப்போலியனின் மருத்துவரான கோர்விசார், இச்சிறு நூலை விரிவான விளக்கங்களுடன் 1808-இல் பிரெஞ்சில் பெயர்த்தார். இம்முறையைத் தம்முடையதென்றே அவர் உலகிற்குக் கூறியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல், மறக்கப்பட்டவரின் பெயரை மீட்பதே தம் கடமை எனக் கொண்டார். மறு ஆண்டில் ஔவன்புருக்கர் காலமானார்.

கோர்விசாரின் மாணவர் லென்னெக், 1816-இல் இதயநோயுற்ற ஓர் இளம்பெண்ணைப் பரிசோதித்தார். அவள் உடற்பருமனால் தட்டொலி பயன்படவில்லை. காதை மார்பில் வைத்துக் கேட்கவோ நாணம் தடுத்தது. உடனே அவர் காகிதத்தைக் குழலாகச் சுருட்டிக் கேட்டார்; இதயக்குழல் தோன்றிற்று. 1839-இல் ஸ்கோடா இவ்விரு முறைகளையும் ஒலியியலால் ஆராய்ந்து நூலெழுதியது, ஔவன்புருக்கர் உழைத்த அதே வியன்னாவில்!

1895-இல் எக்ஸ்-கதிர் கண்டுபிடிக்கப்பட்ட பின்னரும், மருத்துவ மாணவர் இன்றும் தட்டிப் பார்க்கப் பழகுகின்றனர். அவ்வொலியில் ஔவன்புருக்கரின் பொறுமையோடு கோர்விசாரின் நேர்மையும் கலந்திருக்கின்றது. மாணவர்க்கு அறிவியல் வரலாறு கற்பிப்போர், கண்டறிந்தவரின் பெயரோடு, அவரை மறவாது காத்தவரின் பெயரையும் சேர்த்துச் சொல்லுதல் நன்று.