தனகா ஹிசாஷிகே
தனகா ஹிசாஷிகே (1799 - 1881) ஜப்பானின் எடோ காலக் கைவினைஞரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். கியூஷூ தீவிலுள்ள குருமே நகரில், ஆமையோட்டுக் கைவினைஞர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். அம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து எய்யும் சிறுவன் உள்ளிட்ட இவரது இயந்திரப் பொம்மைகள் புகழ்பெற்றவை.

1851 இல் இவர் செய்து முடித்த "பத்தாயிரம் ஆண்டுக் கடிகாரம்" இவரது தலைசிறந்த படைப்பாகும். அக்கால ஜப்பானில் பகலும் இரவும் தனித்தனியே ஆறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. எனவே ஒரு பகுதியின் நீளம் பருவத்துக்கேற்ப மாறிக்கொண்டே இருந்தது. பெரும்பாலான கடிகாரங்களில் இதனைக் கையால் திருத்த வேண்டியிருந்தது. தனகாவின் கடிகாரத்திலோ நேரக்குறிகள் பற்சக்கரங்களின் உதவியால் தாமாகவே இடம் மாறின. சுருள்வில்லை ஒருமுறை முறுக்கினால் ஓராண்டு ஓடும் வகையில் அது வடிவமைக்கப்பட்டது.

1873 இல் ஜப்பான் மேற்கத்திய நேரமுறையை ஏற்றதால் இவ்வரிய பொறிமுறைக்குத் தேவையே இல்லாமற் போயிற்று. அதே ஆண்டில் டோக்கியோ சென்ற தனகா, 1875 இல் கின்சாவில் தந்திக் கருவிப் பட்டறை ஒன்றை நிறுவினார். தோஷிபா நிறுவனத்தின் தொடக்கம் இதுவே.