கொழுப்பு குறைந்த இறைச்சி

கொழுப்பு குறைந்த இறைச்சி என்பது, தசையின் உள்ளும் புறமும் படியும் கொழுப்பு இயல்பாகவே குறைவாக உள்ள இறைச்சியையோ, அக்கொழுப்பு வெட்டி நீக்கப்பட்ட இறைச்சியையோ குறிக்கும். உடல் எடையைக் குறைக்க முயல்வோருக்கு இவ்வகை இறைச்சி பரவலாகப் பரிந்துரைக்கப்படுகிறது. பேச்சு வழக்கில் இதனைச் சிவப்பு இறைச்சிக்கு எதிரான ஒன்றாகக் கருதும் போக்கு உண்டு. அது சரியன்று. சிவப்பு என்பது இறைச்சியின் நிறமியைப் பற்றிய பாகுபாடு. கொழுப்புக் குறைவு என்பது அதன் உட்கூறைப் பற்றிய பாகுபாடு. வெள்ளாட்டு இறைச்சி சிவப்பு இறைச்சியாகவும் கொழுப்பு குறைந்த இறைச்சியாகவும் ஒருங்கே அமைகிறது. தோலுடன் மாவில் தோய்த்துப் பொரித்த கோழியோ சிவப்பு இறைச்சியும் அன்று, கொழுப்பு குறைந்ததும் அன்று.

நிறமும் வகைப்பாடும்

இறைச்சியின் செந்நிறத்துக்குக் காரணம் மயோகுளோபின் என்னும் புரதமாகும். தசைகளில் ஆக்சிசனைத் தேக்கி வைப்பது இதன் பணி. இதன் நடுவே இரும்பு அணு ஒன்று உள்ளது. நெடுநேரம் இயங்கும் தசைகளில் மயோகுளோபின் மிகுதியாகவும், சிறிது நேரம் மட்டும் விரைந்து இயங்கும் தசைகளில் குறைவாகவும் காணப்படும். நாள் முழுவதும் நடக்கும் கோழியின் காற்பகுதி கருமையாகவும், அரிதாகவே பறக்கும் அதன் நெஞ்சுப்பகுதி வெளிறியும் இருப்பது இதனாலேயே. பறக்கும் இயல்புடைய காட்டு வாத்தின் நெஞ்சுத்தசை கருஞ்சிவப்பாக இருக்கும்.

உணவியலிலும் நோய்ப்பரவலியலிலும் கண்ணுக்குத் தெரியும் நிறம் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. மாடு, கன்று, செம்மறியாடு, வெள்ளாடு, பன்றி, குதிரை முதலிய பாலூட்டிகளின் தசை முழுவதும் சிவப்பு இறைச்சி என்றும், கோழி, வான்கோழி போன்ற பறவைகளின் இறைச்சி வெள்ளை இறைச்சி என்றும் வகைப்படுத்தப்படுகின்றன. சமைத்தபின் வெளிறிப்போகும் பன்றி இறைச்சியும் முதல் வகையையே சாரும். ஐக்கிய அமெரிக்காவின் பன்றி வளர்ப்போர் அமைப்பு 1987 ஆம் ஆண்டில் தமது பொருளை "மற்றுமொரு வெள்ளை இறைச்சி" என்று விளம்பரப்படுத்தத் தொடங்கியது. கோழிக்குப் பெருகி வந்த நற்பெயரில் பங்கு பெறுவதே அதன் நோக்கமாக இருந்தது. பொதுமக்களிடையே இன்றும் நிலவும் குழப்பத்தில் இவ்விளம்பரத்துக்கும் பங்குண்டு எனலாம்.

அளவுகோல்

ஐக்கிய அமெரிக்க வேளாண்மைத் துறையின் சிட்டை விதிகளின்படி, 100 கிராம் இறைச்சியில் மொத்தக் கொழுப்பு 10 கிராமுக்குக் குறைவாகவும், நிறைவுற்ற கொழுப்பு 4.5 கிராம் அல்லது அதற்குக் குறைவாகவும், கொலஸ்டிரால் 95 மில்லிகிராமுக்குக் குறைவாகவும் இருந்தால் மட்டுமே அது கொழுப்பு குறைந்தது எனப்படும். மொத்தக் கொழுப்பு 5 கிராமுக்கும், நிறைவுற்ற கொழுப்பு 2 கிராமுக்கும் குறைவாக இருப்பின் அது மிகவும் கொழுப்பு குறைந்த வகையாகும். இவ்விதி விலங்கின் பெயரையோ நிறத்தையோ குறிப்பிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கிலோகலோரி ஆற்றலும், புரதம் ஒரு கிராமுக்கு 4 கிலோகலோரி ஆற்றலும் தருகின்றன. இறைச்சியில் மாவுச்சத்து ஏறத்தாழ இல்லை. எனவே ஓர் இறைச்சித்துண்டின் ஆற்றல் மதிப்பை முடிவு செய்வது பெரும்பாலும் அதிலுள்ள கொழுப்பின் அளவே ஆகும். கீழேயுள்ள அளவுகள் சமைக்காத 100 கிராம் இறைச்சிக்கு உரியவை. ஐக்கிய அமெரிக்கத் தரவுகளைத் தழுவி முழு எண்களை ஒட்டித் தரப்பட்டுள்ளன.

இறைச்சி | ஆற்றல் (கிலோகலோரி) | புரதம் (கிராம்) | கொழுப்பு (கிராம்)
வெள்ளாட்டு இறைச்சி | 109 | 21 | 2
கோழி நெஞ்சுப்பகுதி, தோலின்றி | 120 | 22 | 3
கோழித் தொடை, தோலின்றி | 121 | 20 | 4
முழுக்கோழி, தோலுடன் | 215 | 19 | 15
மாட்டுக் கொத்திறைச்சி, கொழுப்பு 5 விழுக்காடு | 135 | 21 | 5
மாட்டுக் கொத்திறைச்சி, கொழுப்பு 20 விழுக்காடு | 254 | 17 | 20
செம்மறி ஆட்டுக்குட்டி, கொழுப்புடன் | 267 | 17 | 22
பன்றி வயிற்றுப்பகுதி | 518 | 9 | 53

ஒரே மாட்டின் இறைச்சி, கொழுப்பின் அளவைப் பொறுத்து ஏறத்தாழ இருமடங்கு ஆற்றல் வேறுபாடு காட்டுவதை இதில் காணலாம். தோல் நீக்கிய கோழித் தொடையும் நெஞ்சுப்பகுதியும் பெரிதும் வேறுபடவில்லை. கோழியின் கொழுப்பில் பெரும்பகுதி தோலிலும் அதன் அடியிலும் உள்ளது. தோலை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால் 100 கிராமில் 32 கிராம் கொழுப்பு இருக்கும்.

இத்தகைய அட்டவணைகளைப் பயன்படுத்துவோர் அடிக்கடி செய்யும் பிழை ஒன்றுண்டு. சமைக்கும்போது இறைச்சி நீரை இழந்து, எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகிறது. ஆகவே சமைத்த கோழி நெஞ்சுப்பகுதியின் 100 கிராம் 165 கிலோகலோரி தரும். சமைத்ததை நிறுத்துவிட்டுப் பச்சை இறைச்சியின் கணக்கைப் பார்ப்பவர் தாம் உண்டதைக் குறைத்தே மதிப்பிடுவார்.

பரிந்துரையின் வரலாறு

எடைக் குறைப்புக்கு இறைச்சியைப் பரிந்துரைக்கும் வழக்கம் 19 ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. இலண்டனில் சவ அடக்கப் பணிகளை நடத்தி வந்த வில்லியம் பான்டிங் என்பவர், மருத்துவர் வில்லியம் ஹார்வியின் அறிவுரைப்படி ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பியர் முதலியவற்றைத் தவிர்த்து, மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, மீன் ஆகியவற்றை முதன்மையாக உண்டு எடை குறைந்தார். தமது பட்டறிவை 1863 இல் சிறு நூலாக வெளியிட்டார். அவருடைய பட்டியலில் பன்றி இறைச்சியும் சால்மன் மீனும் விலக்கப்பட்டிருந்தன. அந்நூல் பெரிதும் பரவியதால், உணவைக் கட்டுப்படுத்துதல் என்னும் பொருளில் அவர் பெயரே ஆங்கிலத்தில் வினைச்சொல்லாக வழங்கியது. சுவீடிய மொழியில் அச்சொல் இன்றும் வழக்கில் உள்ளது.

தற்காலப் பரிந்துரையின் சொல்லமைப்பு 1977 ஆம் ஆண்டில் உருவானது. ஐக்கிய அமெரிக்க மேலவையில் ஜார்ஜ் மெக்கவர்ன் தலைமையில் இயங்கிய ஊட்டம் பற்றிய சிறப்புக் குழு, அவ்வாண்டு தொடக்கத்தில் நாட்டின் உணவு இலக்குகளை வெளியிட்டது. இறைச்சி உண்பதைக் குறைத்துக் கோழியையும் மீனையும் கூட்ட வேண்டும் என்று அதில் நேரடியாகவே கூறப்பட்டிருந்தது. மாடு வளர்ப்போரின் கடும் எதிர்ப்புக்குப் பின்னர், அவ்வாண்டு இறுதியில் வெளிவந்த திருத்திய பதிப்பில், விலங்குக் கொழுப்பைக் குறைத்து, நிறைவுற்ற கொழுப்பு குறைவாக உட்செல்லும் வகையில் இறைச்சி, கோழி, மீன் ஆகியவற்றைத் தெரிந்தெடுக்க வேண்டும் என்று வாசகம் மாற்றப்பட்டது. "குறைவாக உண்க" என்பது "தெரிந்து உண்க" என்று ஆனது. இம்மாற்றத்தின் காரணம் அரசியல் சார்ந்ததே. எனினும், எடைக் குறைப்பை மட்டும் கருதினால் மாறிய வாசகமே அறிவியலுக்கு நெருக்கமாக அமைந்துவிட்டது எனலாம்.

எடைக் குறைப்பு பற்றிய ஆய்வுகள்

செலவிடும் ஆற்றலைவிட உட்கொள்ளும் ஆற்றல் குறைவாக இருக்கும்போதே உடல் எடை குறைகிறது. இறைச்சியின் பங்கு இங்கே இருவகைப்படும். முதலாவதாக, புரதம் பசியை நெடுநேரம் அடக்குகிறது; தன் ஆற்றலில் 20 முதல் 30 விழுக்காட்டைச் செரிமானத்துக்கும் வளர்சிதை மாற்றத்துக்குமே செலவாக்குகிறது. கொழுப்பில் இச்செலவு 3 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. இரண்டாவதாக, உணவைக் குறைக்கும் காலத்தில் உடல் தன் தசையையும் இழக்கும். போதிய புரதமும் உடற்பயிற்சியும் இவ்விழப்பைக் குறைக்கின்றன.

இவ்விரண்டிலும் சிவப்பு இறைச்சிக்கும் கோழிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. உடல் பருத்த பெண்களிடம் நடத்தப்பட்டு 2003 இல் வெளியான ஆய்வு ஒன்றில், 12 வாரங்களுக்கு ஒரு பிரிவினர் கொழுப்பு குறைந்த மாட்டிறைச்சியையும் மற்றொரு பிரிவினர் கோழியையும் முதன்மைப் புரதமாக உண்டனர். இரு பிரிவினருக்கும் ஆற்றல் அளவு ஒரே வகையில் குறைக்கப்பட்டது. இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் எடை இழந்தனர், இரு பிரிவிலும் கொலஸ்டிரால் குறைந்தது. கொழுப்பு, புரதம், மாவுச்சத்து ஆகியவற்றின் விகிதத்தை மாற்றி நான்கு வகை உணவுமுறைகளை 811 பேரிடம் ஒப்பிட்டு 2009 இல் வெளியான பெரிய ஆய்விலும், இரண்டு ஆண்டு முடிவில் எடை இழப்பு ஒத்தே இருந்தது. மேற்கொண்ட முறையை விடாமல் பின்பற்றுவதே அதில் முதன்மையான காரணியாகக் காணப்பட்டது.

இரத்தக் கொலஸ்டிரால் குறித்த செய்தி இதனினும் சிக்கலானது. நிறைவுற்ற கொழுப்பு குறைந்த உணவில் மாட்டிறைச்சியைச் சேர்த்தாலும் தீய கொலஸ்டிரால் குறையும் என்று 2012 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நிறைவுற்ற கொழுப்பின் அளவைச் சமப்படுத்திப் பார்த்தால், சிவப்பு இறைச்சியும் வெள்ளை இறைச்சியும் தாவரப் புரதத்தைவிட ஒரே அளவில் தீய கொலஸ்டிராலை உயர்த்துகின்றன என்று 2019 இல் கலிபோர்னியாவில் நடந்த ஆய்வு காட்டியது. கோழிக்கு மாறியவுடன் இதயம் காக்கப்பட்டுவிடும் என்னும் நம்பிக்கைக்கு இம்முடிவு இடம் தரவில்லை.

சிவப்பு இறைச்சியின் அளவு

எடைக்கு அப்பாலும் சிவப்பு இறைச்சியைக் குறைப்பதற்குக் காரணம் உண்டு. உலக சுகாதார அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015 அக்டோபரில், பதப்படுத்திய இறைச்சியை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதற்பிரிவிலும், சிவப்பு இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை எனக் கருதப்படும் அடுத்த பிரிவிலும் சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி உண்பது பெருங்குடற் புற்றுநோய் வாய்ப்பை 18 விழுக்காடு கூட்டும் என அது மதிப்பிட்டது. இப்பிரிவுகள் சான்றின் உறுதியைக் காட்டுகின்றனவே அன்றி ஆபத்தின் அளவைக் காட்டுவன அல்ல. புகையிலையும் சாசேசும் ஒரே பிரிவில் இருப்பதால் இரண்டும் ஒரே அளவு தீங்கானவை என்று பொருள் கொள்ளலாகாது.

உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் சமைத்த சிவப்பு இறைச்சியை வாரத்துக்கு 350 முதல் 500 கிராம் அளவில் நிறுத்திக்கொள்ளப் பரிந்துரைக்கிறது. சாசேசு, சலாமி, பேக்கன் முதலிய பதப்படுத்திய வகைகளைக் கூடியவரை தவிர்த்தல் நன்று. கோழியில் செய்த சாசேசும் பதப்படுத்திய இறைச்சியே ஆகும்.

இரும்புச்சத்து

எடை குறைக்க விரும்பிச் சிவப்பு இறைச்சியை முற்றிலும் நிறுத்துவோர் கருத்தில் கொள்ளவேண்டியது இரும்புச்சத்தாகும். இறைச்சியில் உள்ள ஹீம் வகை இரும்பு, கீரை, பருப்பு முதலியவற்றில் உள்ள இரும்பைவிட எளிதில் உறிஞ்சப்படுகிறது. 100 கிராம் வெள்ளாட்டு இறைச்சியில் ஏறத்தாழ 2.8 மில்லிகிராம் இரும்பு உள்ளது. கோழி நெஞ்சுப்பகுதியில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாகவே உள்ளது. வைட்டமின் பி12 அளவிலும் இவ்வேறுபாடு காணப்படுகிறது.

இந்தியாவின் ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21), 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். அந்நிலையில் உள்ள ஒருவர் உணவையும் குறைத்து, சிவப்பு இறைச்சியையும் விலக்கிக் கோழி நெஞ்சுப்பகுதியை மட்டுமே உண்டால், எடை குறையும்போது களைப்பு மிகும். களைப்பு மிகுந்தால் உடற்பயிற்சி நின்றுபோகும். வாரத்தில் ஓரிரு நாட்கள் கொழுப்பு நீக்கிய ஆட்டிறைச்சியைச் சேர்த்துக்கொள்வது இத்தகையோருக்கு ஏற்றது. உணவை ஒட்டித் தேநீர் அருந்துவது தாவர இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும்.

தமிழர் சமையலில்

தமிழ்நாட்டில் "மட்டன்" என்ற பெயரில் விற்கப்படுவது வெள்ளாட்டு இறைச்சியாகவோ செம்மறி இறைச்சியாகவோ இருக்கலாம். வெள்ளாட்டின் கொழுப்பு பெரும்பாலும் வயிற்றினுள் உறுப்புகளைச் சுற்றிச் சேர்கிறது. தசையில் குறைவாகவே படிகிறது. செம்மறியின் கொழுப்பு தோலுக்கடியிலும் தசைகளுக்கிடையிலும் படிகிறது. மேலுள்ள அட்டவணையில் இரு ஆடுகளுக்கும் இடையே காணும் பெருவேறுபாட்டுக்கு இதுவும் ஒரு காரணமாகும். ஆட்டிறைச்சி என்றாலே கொழுப்பு என்று எண்ணும் வழக்கம் வெள்ளாட்டுக்குப் பொருந்தாது. வெட்டும்போது சேர்த்து நிறுக்கப்படும் வெள்ளைக் கொழுப்புத் துண்டுகளை வேண்டாம் எனக் கடையிலேயே கூறித் தனிக்கறியாகவோ தொடைக்கறியாகவோ கேட்டு வாங்கலாம். நாட்டுக்கோழியை மஞ்சள் பூசி வாட்டித் தோலுடன் சமைப்பது மரபு. தோலை நீக்கினால் சுவையும் சற்றுக் குறையும் என்பதை மறுப்பதற்கில்லை.

உள்ளுறுப்புகள் தனித்தன்மை உடையவை. ஈரலிலும் சுவரொட்டி எனப்படும் மண்ணீரலிலும் கொழுப்பு குறைவு, இரும்பு மிகுதி. ஆயினும் ஈரலில் கொலஸ்டிராலும் வைட்டமின் ஏ-யும் மிகுந்திருப்பதால் அடிக்கடி உண்பது தகாது. கருவுற்ற பெண்கள் அதனைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்படுகின்றனர். மூளையில் 100 கிராமுக்கு 1000 மில்லிகிராமுக்கும் மேற்பட்ட கொலஸ்டிரால் உள்ளது.

இறைச்சியைத் தேர்ந்தெடுப்பதில் கிடைத்த பயன் அடுப்பில் இழக்கப்படுவதும் உண்டு. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 120 கிலோகலோரி தரும். எலும்பில்லாத அரைக் கிலோ வெள்ளாட்டு இறைச்சியின் ஆற்றல் சுமார் 545 கிலோகலோரி. அதனை வறுக்க நான்கு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றினால், எண்ணெயிலிருந்து மட்டும் 480 கிலோகலோரி சேர்கிறது. தேங்காய்ப்பால் சேர்க்கும் குழம்புகளுக்கும் இதே கணக்கு பொருந்தும். மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் சேர்த்துக் குக்கரில் வேகவைத்துச் சாறாகவோ சுக்காவாகவோ குறைந்த எண்ணெயில் செய்வது இக்குறையைத் தவிர்க்கும். உடன் உண்ணும் பரோட்டாவும் பிரியாணிச் சோறும் பல வேளைகளில் இறைச்சியைவிட மிகுந்த ஆற்றலைத் தருகின்றன.

மிகைப்பயன்பாடு

கொழுப்பு குறைந்த இறைச்சியை மட்டுமே உண்டு வாழ்வது இயலாது. ஆர்க்டிக் பகுதிகளில் பயணம் செய்த வில்யால்மர் ஸ்டெபான்சன், 1928 இல் நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையில் மருத்துவர்களின் கண்காணிப்பில் இறைச்சி மட்டும் உண்ணும் சோதனைக்குத் தம்மை உட்படுத்திக்கொண்டார். தொடக்கத்தில் கொழுப்பு நீக்கிய இறைச்சியே அவருக்கு வழங்கப்பட்டது. சில நாட்களிலேயே குமட்டலும் வயிற்றுப்போக்கும் ஏற்பட்டன. கொழுப்புள்ள இறைச்சி தரப்பட்டபின் அவர் நலமடைந்தார். ஒரு நாளில் புரதத்தைக் கையாள்வதில் கல்லீரலுக்கு உள்ள எல்லையே இதன் காரணம் எனக் கருதப்படுகிறது. காட்டு முயல்களை மட்டும் உண்டு வாழ நேர்ந்த வேட்டைக்காரர்களிடமும் இந்நிலை காணப்பட்டதால், இது முயற்பட்டினி எனவும் அழைக்கப்படுகிறது.

நடைமுறையில் எடை குறைப்போர் இந்நிலையை எட்டுவது அரிது. எனினும் சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குப் புரத அளவை மருத்துவரே வரையறுக்க வேண்டும். யூரிக் அமிலம் மிகுந்து கீல்வாதம் உள்ளவர்களுக்குச் சிவப்பு இறைச்சியும் ஈரல் போன்ற உள்ளுறுப்புகளும் நோயைத் தூண்டக்கூடும்.