தலைமையும் அமைப்பாற்றலும்: நெகிரி செம்பிலான் தோட்டங்கள் புகட்டும் பாடம்

ஒரு நற்செயலைத் தொடங்கி வைப்பதற்குத் தலைவர் வேண்டும். அதனை நிலைபெறச் செய்வதற்கு அமைப்பு வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே அமையுமிடத்துப் புதுமை தழைக்கும். உழைப்போர் உள்ளத்தில் பற்றும் வேரூன்றும். வள்ளுவப் பெருந்தகை வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தமை அரசர்க்கு மட்டுமன்று, அமைப்பை நடத்தும் அனைவர்க்கும் பொருந்துவதாகும். நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டத் தொழிலாளரின் வரலாறு இவ்வுண்மைக்குச் சான்று பகர்கின்றது.

லாபு, ரந்தாவ், சிலியாவ், லிங்கி, பகாவ் வட்டாரங்களில் காடழித்து ரப்பர் நட்ட தமிழர்கள் முதன்முதலில் கண்ட தலைமை கங்காணியின் தலைமையே. தம் ஊரினின்றும் ஆள் திரட்டி வந்த கங்காணிக்கு, வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் தலைக்காசு கிடைத்தது. ஆகவே ஆள் குறையாமல் பார்த்துக் கொள்வதே அவருடைய அக்கறையாயிற்று. விடியுமுன் பிரட்டுக்கு வந்து நிற்பதும், கொடுத்த நிரையை வெட்டி முடிப்பதும் கீழ்ப்படிதலேயன்றிப் பற்று ஆகா. 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் மலாயாவுக்குக் குடிபெயர்வதைத் தடை செய்தது. அத்துடன் கங்காணி முறையில் ஆள் திரட்டும் வழக்கம் முடிவுக்கு வந்தது.

தோட்டத் தொழிலில் புதுமைக்குப் பஞ்சமில்லை. 1925இல் தோன்றிய மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் கூடுதலாகப் பால் தரும் ஒட்டு ரகங்களை உருவாக்கியது. பிற்காலத்தில் பால் சுரப்பைத் தூண்டும் மருந்துகளும் வந்தன. எனினும் பட்டை காயமுறாமல், நடுமரம் புண்படாமல் உளியைச் செலுத்திய கைகளே அந்த ஆராய்ச்சியைப் பயனாக்கின. அக்கைகளுக்குரியவர் குடியிருந்த வீடோ வேலையோடு கட்டுண்டிருந்தது. வேலை போயின் வீடும் போகும் என்னும் நிலையில், விளைச்சல் பெருகியதால் மட்டும் உள்ளத்தில் உரிமையுணர்வு பிறந்துவிடுமா?

தொழிலாளர் தாமே கூடி நடத்திய முதல் அமைப்புகளுள் தோட்டத்துக் கோயில் குறிப்பிடத்தக்கது. மாதந்தோறும் கொடுத்த கோயில் பணமும், திருவிழாக் கணக்கும், உபயப் பங்கீடும் அவர்களுக்குப் பொதுக்காரியப் பயிற்சியாக அமைந்தன. கூடிச் செய்யும் பழக்கம் அங்கே வளர்ந்தது. அப்பழக்கம் பின்னர் தொழிற்சங்கத்துக்கும் துணையாயிற்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் தொழிலாளர் இயக்கம் எழுச்சியுற்றது. 1948இல் அவசரகாலம் பிறந்ததும் பல சங்கங்கள் நிலைகுலைந்தன. அச்சமும் ஐயமும் சூழ்ந்த அக்காலத்தில், நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கத்தில் பணியாற்றிய பி.பி. நாராயணன் பேச்சுவார்த்தை வழியே உரிமை தேடும் நெறியை முன்வைத்தார். பல்வேறு மாநிலச் சங்கங்கள் 1954ஆம் ஆண்டில் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாக உருப்பெற்றபோது, அதன் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. சிரம்பான் வட்டாரத்தில் தொடங்கிய அவரது பொதுவாழ்வு, 1975 முதல் 1992 வரை அனைத்துலகச் சுதந்திரத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர் பதவி வரை உயர்ந்தது. ஆயினும் சங்கத்தின் வலிமை ஒருவரின் நாவன்மையில் மட்டும் இல்லை. தோட்டக் கிளை, கிளைச் செயலவை, சந்தா, கூட்டு ஒப்பந்தம் ஆகியவற்றை ஒழுங்காக நடத்திய அமைப்பாற்றலே அதற்கு அடித்தளம்.

இதற்கிடையே மற்றோர் இடி வந்தது. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் வெளிநாட்டு முதலாளிகள் தம் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றனர். பல குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தன. அந்நிலையில் துன் வீ.தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அமைச்சராயிருந்த அவர் தோட்டந்தோறும் சென்று, பத்து வெள்ளி வீதம் பங்குப்பணம் சேர்க்குமாறு வேண்டினார். 1961இல் கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் உடைமையாயிற்று. நேற்றுவரை கூலியாயிருந்தவர் தோட்டத்தின் பங்குதாரர் ஆனார். இது எத்தகைய புதுமை!

நெகிரி செம்பிலானிலும் ஒரு பெரும் முயற்சி நடைபெற்றது. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் நிறுவிய காட்கோ என்னும் நிறுவனம் 1970களில் ஜெம்புல் மாவட்டத்தில் நிலக் குடியேற்றத் திட்டமொன்றை மேற்கொண்டது. தோட்டத் தொழிலாளர்க்குச் சொந்த வீடும் நிலமும் என்பதே அதன் நோக்கம். இதனைவிட உயர்ந்த நோக்கம் இருத்தல் அரிது. சங்கத்தின்மேல் கொண்ட நம்பிக்கையால் பல குடும்பங்கள் தம் சேமிப்புடன் அங்குக் குடியேறின. தொடக்கத்தில் கரும்பு பயிரிடப்பட்டது. அது எதிர்பார்த்த பலனைத் தராததால் பின்னர் ரப்பர் நடப்பட்டது. நிறுவனமோ கடன் சுமையிற் சிக்கிக் கலைப்பு நடவடிக்கைக்கு உள்ளாயிற்று, நிலம் கைமாறியது. குடியேறியோர் தம் உரிமைக்காக நீதிமன்றம் வரை சென்று நெடுங்காலம் போராட நேர்ந்தது.

இவ்விரு முயற்சிகளையும் ஒப்பிட்டு நோக்குதல் பயனுடைத்து. இரண்டிலும் தலைவர்கள் நல்லெண்ணம் உடையோரே. இரண்டிலும் தொழிலாளர் மனமுவந்து பணம் தந்தனர். நிலநிதிச் சங்கம் பால் தந்து கொண்டிருந்த தோட்டத்தை வாங்கியது. பழகிய தொழிலைப் பழகிய கைகளே தொடர்ந்தன. அங்குப் புதுமை உடைமை முறையில் மட்டுமே இருந்தது. காட்கோவில் புது நிலம், புதுப் பயிர், புதுக் குடியேற்றம் ஆகிய மூன்றும் ஒரே வேளையில் தலைமேல் ஏறின. தொழிற்சங்கம் நடத்தும் ஆற்றல் வேறு, வாணிக நிறுவனம் நடத்தும் ஆற்றல் வேறு. வலியறியாமல் எடுத்த புதுமை, நம்பி வந்தோரையே வருத்தும் என்பதை ஜெம்புல் மண் உணர்த்திற்று.

இதன்கண் மற்றுமோர் உண்மையும் உண்டு. நிறுவனம் தளர்ந்த பின்னரும் பல குடும்பங்கள் அம்மண்ணை விட்டு அகலவில்லை. அவர்களுடைய பற்று நிறுவனத்தின் பெயரைச் சார்ந்ததன்று. தம் கையால் நட்ட மரத்தையும், தமக்கென வாக்களிக்கப்பட்ட நிலத்தையும் சார்ந்தது. ஆதலின் பற்றைப் பெறுவது தலைவர்க்கு அரிதன்று. பெற்ற பற்றுக்கு நிலப்பட்டா, தெளிவான கணக்கு, தகுதியறிந்து நியமித்த நிர்வாகிகள் ஆகியவற்றால் காப்பளிப்பதே அரிது.

இன்று நம் மக்களுள் பெரும்பாலோர் தோட்டத்தை விட்டு நகர்ப்புறம் சேர்ந்துவிட்டனர். எனினும் கூட்டுறவுச் சங்கம், பள்ளி வாரியம், ஆலய நிர்வாகம் என நாம் நடத்தும் அமைப்புகள் பலவாம். அவற்றில் உறுப்பினர் தரும் ஒவ்வொரு வெள்ளியும் முன்னோர் தந்த அந்தப் பத்து வெள்ளிக்கு நிகரானதே. அதனைப் பெறும் கைகள், தம் வலியறிந்து செயலாற்றி, ஆண்டுதோறும் கணக்கினைச் சபைமுன் வைக்கும் கைகளாக விளங்குதல் வேண்டும்.