திரும்பிப் போக ஊர் இருக்கா?

விசாவுக்கு வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். தூதரகத்தில் எப்படிச் சுற்றிவளைத்துப் பேசினாலும், கடைசியில் வந்து நிற்பது ஒரே கேள்வியில்தான். ‘எப்ப திரும்பிப் போவீங்க?’ ஒரு நாட்டில் வேலை பார்த்துக்கொண்டே இன்னொரு நாட்டுக்கு விசா கேட்பவர்கள் பாடு இன்னும் சிக்கல். சொந்த ஊர் பாஸ்போர்ட் மட்டும் போதாது, குடியிருக்கும் நாட்டு பர்மிட்டையும் காட்டியாக வேண்டும்.

சரி, திரும்பிப் போக நாடே இல்லாதவர் என்ன செய்வார்?

1921 டிசம்பரில் லெனின் அரசு ஓர் ஆணை போட்டது. புரட்சிக்குப் பிறகு அனுமதியில்லாமல் வெளியேறியவர்களுக்குக் குடியுரிமை கிடையாது! பெர்லினிலும் பாரிஸிலும் ஒண்டிக்கொண்டிருந்த லட்சக்கணக்கான ரஷ்யர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். ராணுவ அதிகாரி, டாக்டர், பியானோ வித்வான் என்று வித்தியாசமே இல்லை.

அப்போது, ஐ.நா.வுக்கு முந்தைய சர்வதேச சங்கத்தின் அகதிகள் ஆணையராக இருந்தவர் நான்சென். நார்வேக்காரர். 1888ல் கிரீன்லாந்தின் பனிப்பரப்பைக் குறுக்கே கடந்த சாகசக்காரர். 1922 ஜூலையில் ஜெனீவாவில் பல அரசுகளைக் கூட்டி, ஓர் அடையாளச் சான்றிதழுக்குச் சம்மதிக்க வைத்தார். அதுதான் ‘நான்சென் பாஸ்போர்ட்’. அந்த வருஷமே அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு.

ஆனால், அதில் ஓர் ஓட்டை இருந்தது. சான்றிதழ் கொடுத்த நாடு, வெளியே போனவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவேண்டிய கட்டாயம் இல்லை. போச்சா! ‘வந்தவர் இங்கேயே தங்கிவிட்டால்?’ என்று மற்ற நாடுகள் விசா தரத் தயங்கின. 1926ல்தான் திரும்பி வரும் அனுமதியையும் சேர்த்துத் தரும் ஏற்பாடு வந்தது. கூடவே 5 தங்க ஃபிராங்க் ஸ்டாம்ப். வசதியுள்ள அகதி வாங்கி ஒட்டினால், அந்தப் பணம் வசதியில்லாத அகதிக்குப் போகும். நல்ல கணக்கு!

இருந்தும் அலைச்சல் ஓயவில்லை. பின்னாளில் ‘லோலிடா’ எழுதினாரே நபகோவ், அவரும் நான்சென் பாஸ்போர்ட்காரர்தான். 1937ல், பிராக் நகரில் இருந்த அம்மாவைப் பார்க்க, பிரான்ஸில் உட்கார்ந்துகொண்டு செக் விசாவுக்கு அலையோ அலையென்று அலைந்தார். ஒருவழியாகக் கிடைத்தது. போனார், பார்த்தார். 1939ல் அம்மா இறந்துபோனார். மகன் அவரைக் கடைசியாகப் பார்த்தது, அந்த விசாவில்தான்.

‘எப்ப திரும்பிப் போவீங்க?’ என்று கேட்டால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால், பதில் சொல்ல நமக்கு ஓர் ஊர் இருக்கிறதே... அது சாதாரணச் சொத்தா என்ன?